சகலையின் ஒற்றைக் காதும் ரிமோட் வைத்த பெட்டியும்

என் மாமனாருக்கு இரண்டு பெண்கள். மூத்தவளை நான் கட்டினேன். இளையவளைக் கட்டியவர் கப்பல் பழுது பார்க்கும் பட்டறையில் ரிவிட் அடித்தவர். அந்த முறையில் அவர் எனக்குச் சகலை. சகலைகள் என்றால் ஒருவரை ஒருவர் அளந்துகொண்டே இருப்பார்கள் என்று ஊரில் சொல்வதுண்டு. எங்களுக்குள் அப்படி எதுவும் வந்ததில்லை. நான் ஓயாமல் பேசுகிறவன். அவருக்கு இடது காது கேட்காது. என் பேச்சு அலுத்துப்போனால் அந்தக் காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு உட்காருவார். இப்படியே நாற்பது வருஷம் சண்டையில்லாமல் ஓடிவிட்டது.

அந்தக் காது எப்படிப் போனது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு நடந்ததெல்லாம் அதிலிருந்து வந்ததுதான்.

கப்பலின் வயிற்றில் பெரிய பெரிய டேங்க் இருக்கும். ஆள் உள்ளே இறங்கித் தகடு பார்க்கும்போது வெளியே யாரும் காற்றுச் சுத்தியலை ஓட்டக்கூடாது. அதற்காகக் காற்றுக் குழாயை அடைத்துப் பூட்டி, அந்தச் சாவியை உள்ளே போகிறவன் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்க வேண்டும். அவன் ஏறி வந்து சாவியைக் கொடுத்தால்தான் காற்று வரும். இன்னொரு சட்டமும் உண்டு. இரைச்சலில் பேச்சு காதில் விழாது என்பதால் எல்லாம் இரும்பில் தட்டுவதுதான். ஒரு தட்டு என்றால் சரி, ஆரம்பி. இரண்டு தட்டு என்றால் கையை எடு, இருக்கிறபடியே நில்.

சகலைக்கு முப்பது வயதிருக்கும்போது ஒரு நாள், சாவியை வாங்காமலே உள்ளே இறங்கிவிட்டார். டேங்க் காலி என்று நினைத்து ஒருவன் வெளியே சுத்தியலை ஓட்டினான். இவர் இடது காதைத் தகட்டில் வைத்து விரிசல் தேடிக்கொண்டிருந்த நேரம். ஏறி வந்தபோது எல்லாரும் வாயை மட்டும் அசைத்தார்களாம். வலது காது பத்து நாளில் திரும்பி வந்தது. இடது காது வரவில்லை. அதற்குப் பிறகு பட்டறையில் இருந்த இருபத்தாறு வருஷமும் சாவி அவர் பையை விட்டு நகர்ந்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகும் வீட்டுச் சாவி, கண்ணாடி, மாத்திரைச் சீட்டு எல்லாம் சட்டைப் பைக்குள்தான். என் மனைவி அவரை 'நடமாடும் பீரோ' என்பாள்.

இனி அவர் வீட்டுக்காரி, என் மச்சினி. அவளுக்குக் கண்ணில் அழுத்தம் கூடி, ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பார்வை மூடிக்கொண்டே வந்தது. எட்டு வருஷத்தில் வெளிச்சம் எந்தப் பக்கம் என்று தெரியும், அந்த வெளிச்சத்தில் யார் நிற்கிறார்கள் என்று தெரியாது என்ற அளவுக்கு வந்துவிட்டது. ஒரே மகள் கல்யாணமாகித் தூரத்தில் இருக்கிறாள். வாரத்துக்கு ஒரு தடவை போன் வரும். மற்றபடி அந்த வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான்.

அவர்கள் பயம் எங்கே இருந்தது என்று கேட்டால், அந்த வலது காதில் இருந்தது. பட்டறை அதையும் பாதி தின்றுவிட்டிருந்தது. மிச்சமும் போய்விட்டால் அவள் சொல்வது அவரிடம் போய்ச் சேர வழியில்லை. பார்வை இல்லாததால் அவளால் எழுதிக் காட்ட முடியாது. அவர் பாட்டுக்குப் பேசலாம், அவள் கேட்டுக்கொள்வாள். அவள் கூப்பிட்டால் அவருக்குக் கேட்காது. ஒரே வீட்டுக்குள் ஒருத்தி கிணற்றில் விழுந்த மாதிரி. இதை அவளே என் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள், சொல்லிவிட்டுச் சிரித்தும் இருக்கிறாள்.

காது டாக்டரிடம் போனபோது நானும் கூட இருந்தேன். ஒரே ஒரு பெரிய சத்தம் போதும், இருக்கிறதும் போய்விடும், திரும்பி வரும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். அப்புறம் வழக்கமாகச் சொல்கிற மாதிரி, "அந்தக் காதைக் கண்ணு மாதிரி பாத்துக்குங்க" என்றார்.

மச்சினி கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "கண்ணை நாங்க பாத்துக்கிட்ட லட்சணம் உங்களுக்கே தெரியுது டாக்டர். வேற எது மாதிரியாவது சொல்லுங்க" என்றாள்.

டாக்டருக்கு முகம் எப்படியோ ஆகிவிட்டது. சகலை மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார். வெளியே வந்ததும் தெருவில் யாரோ ஒருவர் லாரி ஹாரனை அழுத்த, இவர் இரண்டு கையாலும் வலது காதைப் பொத்திக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். அதற்கப்புறம் அவர் பஞ்சு வைக்காமல் தெருவில் இறங்கியதில்லை. வீட்டில் மட்டும் பஞ்சை எடுத்துவிடுவார். வைத்துக்கொண்டால் அவள் பேசுவது கேட்காது.

அன்றைக்கு மறுநாள் காலையிலிருந்து ஒரு சோதனை ஆரம்பித்தார்கள். கூடத்துத் தரையில் சதுரம் சதுரமாகக் கட்டங்கள் பதித்திருக்கும். சகலை சமையலறைக்கு முதுகைக் காட்டி நாற்காலியில் உட்காருவார். மச்சினி தடியால் கட்டத்தைத் தொட்டு எண்ணிக்கொண்டே போய் ஒன்பதாவது கட்டத்தில் நின்று, மெல்லிய குரலில் ஒரு உறவைச் சொல்வாள். அவர் அந்த ஆளுக்குத் தான் வைத்திருக்கிற பட்டப்பெயரைச் சொல்ல வேண்டும். "அத்தான்" என்றால் "ஓட்டை ரேடியோ." அது நான்தான். "பெரிய அத்தை மருமகள்" என்றால் "கத்திரிக்கோல்." "உங்க சித்தப்பா" என்றால் "வாடகைக்குடை." பதில் வந்தால் ஒன்பது கட்டம் கேட்கிறது என்று கணக்கு. அவள் காலையில் பல் தேய்ப்பதற்கு முன்னால் இதைச் செய்துவிடுவாள். செய்யாமல் அவளால் எதையும் தொட முடியவில்லை என்றாள்.

இப்படிப் பயந்தவர்கள் வீட்டில் பாட்டுப் பெட்டி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவி கேட்டாள். மகள் போனிலேயே கேட்டாள். பார்வை போன பிறகு மச்சினிக்கு ஒரு நாள் என்பது மிக நீளமாக இருந்தது. பாட்டுத்தட்டு சுழல்கிற நேரம்தான் அவளுக்கு நேரமாகத் தெரிந்தது. அவளுக்காக அவர் கேட்டார். பிறகு அவருக்காகவும்தான். இரண்டு பேரும் ஒன்றாகச் செய்ய முடிகிற காரியம் வேறு என்ன மிச்சம் இருந்தது?

கருவிகளும் சாதாரணக் கருவிகள் இல்லை. சகலை ஓய்வு பெற்றபோது பட்டறைச் சாப்பாட்டுக்கூடத்தில் புது ஒலிபெருக்கி மாட்டினார்கள். பழைய கூம்பு ஸ்பீக்கர் இரண்டையும் பெரிய ஆம்ப்ளிஃபயரையும் நண்பர்கள் இவருக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டார்கள். முந்நூறு பேர் சாப்பிடுகிற இரைச்சலுக்கு மேலே கேட்பதற்கென்று செய்தவை. மெல்ல வைத்தால் பக்கத்தில் உட்கார்ந்து பாடுகிற மாதிரி இருக்கும். கை தவறினால் வீட்டுக் கண்ணாடியெல்லாம் பேசும். "காதை வாங்கிக்கிட்டு ஸ்பீக்கரைக் குடுத்திருக்காங்க. நல்ல நியாயம்" என்றாள் என் மனைவி.

இந்தப் பெரிய ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் ஒரு சின்னப் பெட்டி வேண்டும். தட்டிலிருந்து வருகிற மெலிந்த ஒலியை வாங்கிச் சீராக்கி அனுப்புகிற பெட்டி. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற குமிழ் அதில்தான் இருக்கும். ப்ரீஆம்ப் என்பார்கள். சகலையிடம் இருந்தது வால்வு போட்ட பழைய பெட்டி, அந்தக் கால ரேடியோவுக்குள் சூடேறி ஒளிருமே, அந்தக் கண்ணாடிக் குழல். ஒரு நாள் அதன் குமிழைத் திருப்பும்போது படபடவென்று வெடித்தது. சகலை வாசல் வரைக்கும் ஓடினார். வேறு பெட்டி பார்த்தே ஆக வேண்டும் என்று ஆனது.

வால்வு இல்லாத நவீனப் பெட்டி வாங்கிக்கொள்ளலாமே என்று நான் யோசனை சொன்னேன். மச்சினிதான் வேண்டாம் என்றாள். திரையை இழுத்துவிட்ட அறையில், வால்வு இரண்டும் செம்மஞ்சளாகக் கனியும்போது அவளுக்கு இரண்டு தீற்றல் தெரியும். அந்த வீட்டில் அவள் கண்ணுக்கு இன்னும் தெரிகிற பொருள் அது ஒன்றுதான். அதனால் அவள் நாற்காலி எப்போதும் பெட்டிக்குப் பக்கத்தில். சூடு கையில் படும் தூரம். சகலையின் இரும்பு நாற்காலி கூம்புகளை விட்டுத் தள்ளி, அறையின் மறுகோடியில்.

பின்தெருவில் கதவகலக் கடை வைத்திருந்த வால்வுக்காரரிடம் போனோம். பழைய ரேடியோக்களைப் பிரித்து மாட்டுகிறவர். பேசும்போது நம் முகத்தைப் பார்க்காமல் மேஜைமேல் திறந்து கிடக்கும் பெட்டியையே பார்ப்பார். அவரிடம் மூன்று இருந்தன. ஒன்று, குமிழ் மட்டும். கையால்தான் திருப்ப வேண்டும். இரண்டாவதில் குமிழும் உண்டு, ரிமோட்டும் உண்டு. ரிமோட்டை அமுக்கினால் உள்ளே ஒரு சின்ன மோட்டார் அந்தக் குமிழையே சுழற்றும். மூன்றாவதில் குமிழே கிடையாது, எல்லாம் ரிமோட்டில்தான், முகப்பில் எண்கள் மட்டும் ஓடும்.

மூன்றாவதை சகலை தொடவே இல்லை. "கையால பிடிச்சு நிறுத்த முடியாத எந்த மெஷினும் என் வீட்டுக்குள்ள வேணாம்" என்றார்.

மற்ற இரண்டில் எது என்பதுதான் கேள்வி. ரிமோட் என்பது சோம்பேறிக்கு வைத்த பொத்தான் என்றார் வால்வுக்காரர். பாட்டுக் கேட்கிறவன் எழுந்துபோய்த் திருப்பினால் உடம்புக்கும் நல்லது, உள்ளே மோட்டார் இல்லாத பெட்டிக்கு ஆயுளும் கூடுதல், ஒலியும் சுத்தம். நான் தலையாட்டினேன். எனக்கு அதில் ஒன்றும் தெரியாது, ஆனால் அவர் சொன்ன விதம் தலையாட்ட வைத்தது. வாரத்துக்கு ஒன்றாக வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டு வேண்டியதை வைத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்தனுப்பினார்.

முதல் வாரம் குமிழ் மட்டும் உள்ள பெட்டி. நான்கு நாள் ஒன்றும் இல்லை. ஐந்தாம் நாள் மாலை, மெலிந்த குரலில் பதிவான ஒரு பழைய தட்டைப் போட்டார்கள். அவளுக்குக் கேட்கவில்லை என்றதால் சகலை எழுந்துபோய்க் குமிழைக் கூட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். தட்டு முடிந்தது. அடுத்த தட்டைப் போட்டார். குமிழைக் குறைக்க மறந்துவிட்டார். அது நாதஸ்வரம். இவர் நாற்காலிக்குத் திரும்பிப் பாதி வழி வந்திருக்கிறார், முதுகில் யாரோ தள்ளின மாதிரி சத்தம் வந்தது. குறைக்க வேண்டுமானால் அந்தச் சத்தத்தை நோக்கித்தான் நடக்க வேண்டும். காதைப் பொத்தினால் திருப்பக் கையில்லை. திருப்பினால் பொத்தக் கையில்லை. ஒரு கையால் வலது காதை அழுத்திக்கொண்டு போய்த் திருப்பினார். மச்சினி கையை நீட்டியிருக்கலாம்தான். ஆனால் போன வருஷம் பழைய பெட்டியில் அவள் ஒரு தடவை தவறான பக்கம் திருப்பிவிட்டாள். அதிலிருந்து குமிழைத் தொடக்கூடாது என்று அவர் சொல்லி வைத்திருந்தார். அவளுக்கும் தன் கைமேல் நம்பிக்கை போயிருந்தது.

மூன்று நாள் காதுக்குள் விசில். மறுநாள் காலை ஒன்பதாவது கட்டத்தில் அவள் சொன்னது கேட்கவில்லை. எட்டாவதுக்கு வந்தாள். பதில் வந்தது. ஒன்பது பிறகு திரும்பவே இல்லை.

"ஒரு கட்டம்தானே" என்று சகலை என்னிடம் சொன்னார். சொல்லும்போது சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். "மிச்சம் எட்டு இருக்கு."

ரிமோட் பெட்டியை அந்த ஆறாம் நாளே கொண்டுவந்தோம். வாரம் முடியும் வரை காத்திருக்கவில்லை. அதில் குமிழ் வட்டமாக இல்லாமல் ஒரு பக்கம் கிளிமூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. ரிமோட்டை அமுக்கினால் அந்த மூக்கு தானாக நகரும். அதைப் பார்க்க எனக்கு என்னவோ போலத்தான் இருந்தது, ஆளில்லாத ஊஞ்சல் ஆடுகிற மாதிரி. சகலைக்குத் தெம்பு வந்துவிட்டது. உட்கார்ந்த இடத்திலிருந்து குறைக்கலாம். சத்தத்துக்குள் உட்கார்ந்திருப்பவன் கையிலேயே சாவி. பட்டறைச் சட்டமும் அதுதானே. "உள்ள இருக்கிறவன் பையில சாவி" என்று சொல்லி ரிமோட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதன் தலை மட்டும் வெளியே எட்டிப் பார்த்தது.

எனக்கும் வால்வுக்காரருக்கும் அங்கே நின்ற யாருக்கும் அதில் தப்பு தெரியவில்லை.

அடுத்து நடந்தபோது நான் அங்கே இல்லை. இரண்டு பேரும் தனித்தனியாகச் சொன்னதைச் சேர்த்துச் சொல்கிறேன்.

மத்தியானம் மூன்று மணி இருக்கும். திரை இழுத்திருந்தது. தட்டில் ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டு வருவதற்குள் இருக்கிற அந்த வெற்றிடம். மெல்லிய உரசல் தவிர ஒன்றும் கேட்காத நேரம். தட்டின் உறை சகலையின் மடியிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. எடுக்கக் குனிந்தார். நெஞ்சு முழங்காலில் அழுந்தியது. பைக்குள் இருந்த ரிமோட்டின் மேல் பொத்தான் அதோடு சேர்ந்து அழுந்தியது. அது கூட்டுகிற பொத்தான். நிமிர்ந்திருந்தால் அதன் தலை கூரையைப் பார்த்திருக்கும். குனிந்ததால் நேராகப் பெட்டியைப் பார்த்தது.

மச்சினிக்குப் பக்கத்தில் மோட்டார் கிர் என்றது. தீப்பெட்டிக்குள் வண்டு சுற்றுகிற சத்தம். வழக்கமாக அவர் ஒரு தடவை அமுக்கும்போது ஒரு நொடி கேட்டு நின்றுவிடும். இந்தத் தடவை நிற்கவில்லை. ஓடிக்கொண்டே இருந்தது. பாட்டு இல்லாததால் எவ்வளவு கூடுகிறது என்று வெளியே தெரியவில்லை. அவளுக்கு மட்டும் தெரிந்தது, அடுத்த பாட்டு ஆரம்பிக்கும்போது அது முழுதாக வரும் என்று.

"என்னங்க" என்று கூப்பிட்டாள். அவர் வலது காது தோளுக்கும் முழங்காலுக்கும் நடுவே அமுங்கியிருந்தது. பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டாள். தடியை எடுத்துப் பக்கத்து ஜன்னல் கம்பியில், அவர் சொல்லிக் கேட்டிருந்த பட்டறைக் கணக்கில், இரண்டு தட்டு தட்டினாள்.

அது அவருக்குக் கேட்டது. பேச்சு விழாத காதிலும் இரும்பு விழும். இரண்டு தட்டு. முப்பது வருஷப் பழக்கம், யோசிக்க நேரமே எடுக்காது. கையை எடு, இருக்கிறபடியே நில். இரண்டு கையையும் விரித்துத் தூக்கிக்கொண்டார். குனிந்த உடம்பு குனிந்தபடியே நின்றது. நெஞ்சு முழங்காலை விட்டு ஒரு மயிரிழை நகரவில்லை. பொத்தான் அழுந்தியபடியே இருந்தது. மோட்டார் நிற்கவில்லை.

"தட்டினா நிப்பாரு, நின்னா சத்தமும் நின்னுடும்னு நெனச்சேன். அவரு நின்னாரு. அது நிக்கல" என்று அவள் பிறகு என் மனைவியிடம் சொன்னாள்.

அவள் கையை நீட்டினாள். செம்மஞ்சள் தீற்றல் இரண்டும் தெரிந்தன, அதற்குக் கீழே எங்கேயோ குமிழ். வால்வில் விரல் பட்டுச் சுட்டது. விடவில்லை. கிளிமூக்கு கையில் அகப்பட்டது. எந்தப் பக்கம் திருப்புவது? போன வருஷத் தப்பு அப்படியே கண்முன்னால் வந்து நின்றதாம். கண்முன்னால் என்றுதான் சொன்னாள். அப்போது மூக்கு அவள் விரலுக்குள் நகர்ந்தது. மோட்டார்தான் அதை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. அது போகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருகினாள். மோட்டார் முரண்டு பிடித்து வழுக்கியது. இவள் விடாமல் திருகினாள். பாட்டு ஆரம்பித்தது. முதல் அடி முழுதாக விழுந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. இரண்டாவது அடி பாதியாக விழுந்தது. மூன்றாவது வரும்போது மூக்கு கீழே தொட்டுவிட்டது.

அதற்குப் பிறகு அறையில் தட்டின் உரசல் மட்டும்.

"கேக்குதா?" என்றாள் அவள்.

சகலை நிமிர்ந்து பார்த்தார். அவள் உதடு அசைந்தது. டேங்கிலிருந்து ஏறி வந்த அன்றைக்குப் பார்த்த அதே காட்சி. அவளைப் பயமுறுத்தக்கூடாது என்று நினைத்து, "கேக்குது, கேக்குது, ஒண்ணும் ஆகல" என்றார்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. அவர் அதைத் தெருவுக்கே கேட்கும்படி கத்தியிருந்தார். தன் குரலே கேட்காதவன்தான் அப்படிக் கத்துவான் என்று அவளுக்குத் தெரியும்.

அவள் தட்டுத் தடுமாறி அவர் நாற்காலிக்குப் போனாள். அவர் கையைத் தேடிப் பிடித்து, நாற்காலியின் இரும்புக் கையில் தன் விரல்மோதிரத்தால் ஒரு தட்டு தட்டினாள். சரியா என்று கேட்கிற தட்டு. அவர் இரண்டு தட்டு தட்டினார். சரியில்லை என்கிற தட்டு.

எங்கள் வீட்டுக்குப் போன் வந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இரண்டு பேரும் அதே நாற்காலியில், ஒருவர் உட்கார்ந்து, ஒருத்தி கைப்பிடியில் சாய்ந்து, தட்டிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் வேணுமா என்று அவள் டம்ளரால் அவர் கையைத் தொட்டால், ஆமாம் என்று ஒரு தட்டு. வலிக்குதா என்று காதைத் தொட்டால், இல்லை என்று இரண்டு தட்டு. அதற்குமேல் அந்தத் தட்டுக்குச் சொல்லத் தெரியாது. என் மனைவி சத்தமாகப் பேசுகிறவள், அவளே வாயைத் திறக்கவில்லை. நான் சகலையின் வலது பக்கம் போய் நின்று அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அவர் திரும்பவில்லை. அந்தப் பக்கத்தையும் எனக்குத் திருப்பிக்கொண்டுவிட்டார் போலிருந்தது.

டாக்டர் பார்த்தார். மருந்து கொடுத்தார். குனிந்தபடி இருந்ததால் காது அமுங்கித் தப்பித்திருக்கலாம், நிமிர்ந்து உட்கார்ந்திருந்தால் சொல்ல முடியாது என்றார். எவ்வளவு திரும்பும் என்று காத்திருந்துதான் பார்க்க வேண்டும். சகலை அதை எழுதிக் காட்டச் சொல்லிப் படித்தார். படித்துவிட்டு, இரண்டு தட்டுக்கு அசையாமல் நின்றதால்தான் பிழைத்தேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அசையாமல் நின்றதால்தான் பொத்தான் அழுந்திக்கொண்டே இருந்தது என்று நான் சொல்லவில்லை. சொன்னாலும் கேட்டிருக்காது.

மறுநாள் காலை மச்சினி முதல் கட்டத்தில் நின்றாள். பதில் இல்லை. நாற்காலிக்குப் பின்னால் நின்று, காதோடு வாய் வைத்துச் சொன்னாள். பதில் இல்லை. அன்று முழுக்க அவள் பல் தேய்க்கவில்லை, சாப்பிடவும் இல்லை. இரண்டாம் நாள் காலை காதருகே "அத்தான்" என்றாள். "ஓட்டை" என்றார். மிச்சம் வரவில்லை. அந்தப் பாதிப் பெயரைக் கேட்டு நான் அழுதேன் என்று என் மனைவி ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். உண்மைதான். மூன்றாம் நாள் இரண்டு கட்டம். ஒரு வாரத்தில் ஐந்து.

வால்வுக்காரர் செய்தி கேட்டுப் பெட்டியை எடுத்துப் போக வந்தார். குற்றம் செய்தவர் மாதிரி வாசலிலேயே நின்றார். நான் முதலிலேயே சொன்னேனே ரிமோட் வேண்டாம் என்று என்பதை அவர் சொல்லவில்லை. ஆனால் முகத்தில் இருந்தது. முதல் பெட்டியையே வைத்துக்கொள்ளுங்கள், அதுதான் உங்களுக்கு ஆபத்தில்லாதது என்றார்.

சகலைக்கு அப்போது வலது பக்கம் கத்திப் பேசினால் விழும். மச்சினிதான் பதில் சொன்னாள். "அந்தப் பெட்டியில ஒரு கட்டம் போச்சு. இந்தப் பெட்டியில எத்தனை போச்சுன்னு இன்னும் தெரியல. ஆனா இதுல மோட்டார் சத்தம் எனக்குக் கேட்டுச்சு, மூக்கு கையில கிடைச்சுது. ரிமோட் வேணும், அவரு அவ்வளவு தூரம் நடக்க வேணாம். ஆனா குமிழ்ல என் கை இருக்கும். இனிமே தொடாதேன்னு யாரும் சொல்லக்கூடாது." கடைசி வரியை அவர் காதுப் பக்கம் திரும்பிச் சொன்னாள்.

சகலை எழுந்துபோய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து தன் பட்டறைப் பெட்டியை இழுத்தார். கைத்துளைப்பான், சின்னச் சுத்தியல், பொட்டலத்தில் கொஞ்சம் ரிவிட் ஆணி. கிளிமூக்கைக் கால்வாசிக்குச் சற்று மேலே நிறுத்தி, அதன் நுனி எங்கே வருகிறது என்று பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார். வால்வுக்காரருக்கு என்ன நடக்கப் போகிறது என்று அப்போதுதான் விளங்கியது. "ஐயா, முகப்புத் தகட்டை ஓட்டை போடாதீங்க, பெட்டி வீணாப் போயிடும்" என்று கெஞ்சினார். பெட்டியைத் திறந்து உள்ளே எங்கே கம்பி இல்லையோ அந்த இடத்தைக் காட்டியதும் அவர்தான். துளை போட்டாயிற்று. ஆணியை அடிப்பதற்கு முன் மச்சினி எழுந்து வந்து, தன் இரண்டு உள்ளங்கையாலும் சகலையின் வலது காதைப் பொத்திக்கொண்டாள். அவர் இரண்டே அடி அடித்தார். ஆணி உட்கார்ந்தது.

வால்வுக்காரர் ரிமோட்டை எடுத்து, ஸ்பீக்கர் கம்பியைக் கழற்றிவிட்டு, கூட்டுகிற பொத்தானை அமுக்கிப் பிடித்தார். மூக்கு நகர்ந்து போய் ஆணியில் முட்டியது. மோட்டார் கிர் கிர் என்று வழுக்கிக்கொண்டே இருந்தது. மூக்கு நகரவில்லை. அவர் விரல் வலித்து விடும் வரை அமுக்கினார். பிறகு ரிமோட்டை வைத்துவிட்டுப் போனார். ரிமோட் இப்போது நாற்காலியின் கையில் கயிறு போட்டுத் தொங்குகிறது. பையில் இல்லை.

வால்வுப் பெட்டி வாங்கும்போது ரிமோட் முக்கியமா என்று இப்போது யாராவது கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. உட்கார்ந்திருக்கிறவன் யார், குமிழுக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள், அது எதுவரை போக விட்டிருக்கிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன்.

அடுத்த மாதம் ஒரு காலையில் நானும் என் மனைவியும் போயிருந்தோம். சகலை முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். மச்சினி தடியால் எண்ணிக்கொண்டே போய் எட்டாவது கட்டத்தில் நின்றாள். "என் அக்கா" என்றாள். எனக்குத் தெளிவாகக் கேட்டது. சகலை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டதே தெரியாத முகம். அவள் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். இன்னொரு முறை சொன்னாள். பிறகு ஒரு கட்டம் முன்னால் வந்தாள்.

"என் அக்கா."

"இடி" என்றார் சகலை.

என் மனைவிக்குத் தன் பட்டப்பெயர் அன்றைக்குத்தான் தெரிந்தது. வேறு நாளாக இருந்தால் வீடு ரெண்டாகியிருக்கும். அவள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். மச்சினி தடியின் நுனியை அந்த ஏழாவது கட்டத்தில் ஊன்றி, காலால் அதன் ஓரத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் எட்டாவதில் போய் நின்றதை நான் பார்க்கவில்லை.